றஞ்சிதம் பழக்கிய கை

விமானம் ஓட்டப் படிக்கப் போவதாக மில்ரன் சொன்னபோது, அவன் குடித்திருக்கிறானோ என்று றஞ்சிதம் பக்கத்தில் போய் மோந்து பார்த்தாள். குடிக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. குடித்துவிட்டுச் சொன்ன கதை என்றால் விடிந்ததும் போய்விடும். தெளிவாக இருக்கிற மனிதன் சொல்லும் விசர்க் கதைக்கு மன்னார் ஆஸ்பத்திரியிலும் மருந்து இல்லை.

நாற்பத்து மூன்று வயது. பேசாலைக் கரையில் சொந்தமாக ஒரு வள்ளமும் இயந்திரமும் வலைகளும் வைத்து, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிற சம்மாட்டி. முன்தலையில் மயிர் இல்லை. குனிந்தால் இடுப்பு பிடிக்கும். கோயில் மணிக்கூண்டில் ஏறச் சொன்னால் பாதிப் படியில் இருந்துவிடுவான். இந்த ஆளைத்தான் ஆகாயம் கூப்பிடுகிறதாம்.

"ஆரை ஏத்தி இறக்கப் போறீங்கள்?" என்று கேட்டாள். "மன்னார்க் கழுதையளையோ?"

மில்ரன் பதில் சொல்லவில்லை. ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் அவன் வாயைத் திறக்கமாட்டான். கல்யாணமான நாளிலிருந்து றஞ்சிதத்துக்குப் பிடிக்காத குணம் அது. சண்டை பிடிப்பவனோடு வாழ்ந்துவிடலாம், வாயை மூடிக்கொண்டு நினைத்ததைச் செய்கிறவனோடு என்ன செய்வது.

இந்தக் கூத்து தொடங்கியது வேளாங்கண்ணிக்குப் போன வழியில். மில்ரன் குடியை விடவேண்டும் என்று றஞ்சிதம் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருந்தாள். நல்ல வெளிச்சமான நாளில் தலைமன்னாரில் நின்றால் கைக்கு எட்டும்போல இருக்கிற இந்தியாவுக்கு, யாழ்ப்பாணம் வரை பஸ்ஸில் போய், பலாலியில் விமானம் ஏறி, சென்னையில் இறங்கி, பிறகு இரயிலில் போகவேண்டியிருந்தது. பலாலியில் ஆட்களை நடந்தே விமானத்தடிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே நரைத்த மீசையும் தொப்பையுமாக ஒருவர் விமானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். சில்லுக்குப் பக்கத்தில் குனிந்தார், அடிவயிற்றை அண்ணாந்து பார்த்தார், எதையோ தட்டிப் பார்த்தார். மில்ரன் அப்படியே நின்றுவிட்டான்.

"வள்ளம் தள்ளுறதுக்கு முதல் நானும் இப்பிடித்தானே சுத்திப் பாக்கிறனான்" என்றான். "அவர்தான் ஓட்டுறவர். என்னை விட எவ்வளவு வயசு."

பின்னால் நின்ற சனம் முணுமுணுக்கத் தொடங்கியது. றஞ்சிதம் அவனை முதுகில் பிடித்துத் தள்ளி ஏற்றினாள். பறந்த நேரம் முழுக்க அவள் கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொன்னாள். அவன் யன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தான்.

திரும்பி வந்தபின் மில்ரன் ஒரு துளி குடிக்கவில்லை. றஞ்சிதம் ஊரெல்லாம் மாதா செய்த புதுமையைச் சொல்லித் திரிந்து, பெரிய மெழுகுதிரியாகப் பார்த்து வாங்கிக் கொளுத்தினாள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. விமானம் ஓட்டுகிறவர்களுக்கு வைத்தியச் சோதனை உண்டு, ஈரல் வரைக்கும் பார்ப்பார்கள் என்று எங்கேயோ விசாரித்து அறிந்துவிட்டுத்தான் ஐயா குடியை விட்டிருக்கிறார். மாதா கேட்டதைக் கொடுத்தாள், கேட்காத ஒன்றையும் அதோடு சேர்த்துக் கட்டி அனுப்பிவிட்டாள். கொஞ்ச நாள் றஞ்சிதம் மாதாவோடும் கதைக்கவில்லை.

"ஏன் இந்த ஆசை?" என்று ஒருநாள் கோபமில்லாமலே கேட்டுப் பார்த்தாள்.

"முப்பது வருசமாத் தண்ணியையே பாத்துக்கொண்டு இருந்திட்டன், றஞ்சிதம்."

"மேல பாத்தால் கழுத்துத்தான் நோகும்" என்றாள் அவள்.

ஊருக்குச் செய்தி போக அரைநாள் எடுக்கவில்லை. பேசாலைச் சனத்துக்கு அடுத்த வீட்டுக் கதை என்றால் கறி இல்லாமலே சோறு இறங்கும். வள்ளத்தில் கூடப் போகிறவர்கள் அவனை 'கப்டன்' என்று கூப்பிட்டார்கள். விமானம் பின்னுக்குப் போகுமா என்று ஒருவன் கேட்டான். மகளின் கல்யாணத்துக்கு மேலால் ஒருக்கா வந்து பூப்போடவேண்டும் என்று இன்னொருத்தி இப்போதே சொல்லிவைத்தாள். சிரிப்புக்காகக் கேட்டவர்களை விட, உண்மையாகவே கேட்ட இவளைத்தான் றஞ்சிதத்தால் பொறுக்க முடியவில்லை. ஊரில் படித்தவள் என்று பெயரெடுத்த அடுத்த வீட்டு மனோன்மணி ரீச்சர், நடுவானில் பெற்றோல் முடிந்தால் எங்கே நிறுத்துவது என்று வேலிக்கு மேலால் விசாரித்தாள். இப்படியான மூளைகளிடமா தன் பிள்ளை படித்தது என்று றஞ்சிதத்துக்கு வயிறெரிந்தது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவன் அவளுடைய சொந்தத் தமையன் அம்புறோஸ். வாயும் வயிறும் போட்டிபோட்டு வளர்ந்த மனிதன். மூன்று வள்ளம் வைத்திருந்தான், நாலாவதாக மில்ரனின் வள்ளத்தை வாங்கினான். படிப்புச் செலவுக்கு மில்ரன் விற்கத்தான் போகிறான் என்று தெரிந்து, வேறொருவரும் வாங்காதபடி கரையெல்லாம் சொல்லிவைத்துவிட்டு, தங்கச்சிக்கு உதவி செய்கிறேன் என்ற முகத்தோடு வந்து வாங்கினான்.

அந்தக் கரையில் வள்ளத்துக்குப் புனிதரின் பெயரோடு வீட்டுப் பிள்ளையின் பெயரையும் எழுதி, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு மந்திரித்துத்தான் கடலில் இறக்குவார்கள். மில்ரனின் வள்ளத்தில் 'அந்தோனியார்' என்றும் அதற்குக் கீழே 'டினோஜா' என்றும் எழுதியிருந்தது. டினோஜா அவர்களுடைய ஒரே மகள், உயர்தரம் படித்துக்கொண்டிருந்தவள். வள்ளம் கைமாறி ஒரு கிழமை போகமுதல் அம்புறோஸ் டினோஜாவைச் சுரண்டிவிட்டுத் தன் மகளின் பெயரை எழுதினான். அந்தோனியாரைச் சுரண்டவில்லை. அவரோடு பகிடி விட அவனுக்குப் பயம்.

புதுப் பெயர் காயமுதலே, கரையில் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னான்.

"யோசியாதை தங்கச்சி. தோத்துப்போய் வந்தாலும் உன்ர புருசனுக்கு வேலை இருக்கு. இந்த வள்ளத்திலயே இயந்திரம் பிடிக்கட்டும். பங்கு குடுப்பன்."

சிரித்தவர்கள் எல்லாரையும் றஞ்சிதம் ஒருமுறை பார்த்தாள். வரப்போவது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. மில்ரன் தன்னுடைய வள்ளத்திலேயே கூலிக்காரனாக ஏறுவான். அண்ணி மீனை ஒரு பையில் போட்டு, "பாவம், கொண்டு போ" என்று நீட்டுவாள். அதை வாங்கிக்கொண்டு வருவதை விட ஊரை விட்டுப் போகலாம். அன்றிலிருந்து றஞ்சிதம் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். மில்ரனைப் பற்றி யாராவது வாயைத் திறக்கமுதல், அதை விடக் கேவலமாகத் தானே சொல்லிவிடுவாள். சொந்தப் பெண்சாதியே இவ்வளவு சொன்னபிறகு மற்றவர்களுக்குச் சொல்ல என்ன மிச்சம் இருக்கும். நல்ல வழிதான். ஒவ்வொருமுறை சொல்லும்போதும் அவளுக்குத்தான் நோகும்.

மில்ரன் கொழும்புக்குப் போய், இரத்மலானையில் ஒரு பறப்புப் பள்ளியில் சேர்ந்தான். கூடப் படித்தவர்கள் தகப்பன்மாரின் காரில் வந்து இறங்குகிற பெடியன்கள். அவனை 'அங்கிள்' என்று கூப்பிட்டார்கள். பயிற்சி கொடுப்பவளும் அப்படியே கூப்பிட்டாள். அவள் பெயர் றிஸ்மினா, வயது இருபத்தாறு. சிலாவத்துறைக் குடும்பம், தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக்குப் போனவர்கள், பிள்ளை கொழும்பில் வளர்ந்தது. இருபத்தாறு வயதுப் பெட்டை ஏச, நாற்பத்து மூன்று வயதுச் சம்மாட்டி தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறான் என்பதை நினைக்க றஞ்சிதத்துக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. வீட்டில் இருபது வருசமாக அவள் ஏசியதை ஒருநாளாவது அப்படிக் கேட்டிருப்பானா.

பின்னேரங்களில் தொலைபேசி எடுப்பான்.

"இண்டைக்கு மேகத்துக்கு மேல போனனாங்கள்."

"அங்க மீன் இருந்ததோ?"

சோதனைகளில் ஒன்று தவறி, திரும்ப எழுதிச் சித்தியடைந்தான். அதையும் சொன்னான். "பாலர் வகுப்புப் பிள்ளையளும் திரும்ப எழுதுறதுதான்" என்றாள். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, அன்று யாரும் கேட்காமலே மனோன்மணி ரீச்சரிடம் போய் அவன் சித்தியடைந்த செய்தியைச் சொன்னாள், தவறியதைச் சொல்லவில்லை.

ஒருநாள் காலையில் வேறொரு இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. றிஸ்மினா.

"அன்ட்டி, குறை நினைக்காதீங்க. அங்கிள் நல்லாத்தான் படிக்கிறார். நேராப் பறக்கச் சொன்னால் அழகாப் பறக்கிறார். ஆனா இறங்குற நேரம் பக்கத்தால காத்து அடிச்சால், கை எதிர்ப்பக்கம் போகுது. பிளேன் இடப்பக்கம் சாஞ்சால் வலப்பக்கம் திருப்ப வேணும். அங்கிள் இடப்பக்கமே திருப்புறார், இன்னும் சாயுது. நான் பிடிச்சிராட்டி ரெண்டு தரம் ஓடுபாதையை விட்டுப் புல்லுக்குள்ள போயிருப்பம். கேட்டால், 'தெரியும் மிஸ், தெரியும்' எண்டு சொல்றார். அடுத்த தரம் திரும்பவும் அதேதான்."

"அப்ப?"

"வயசு போனவங்களுக்குச் சில நேரம் இப்படித்தான் அன்ட்டி. ஒரு மாசம் வீட்டில இருக்கட்டும், ஆறுதலா யோசிக்கட்டும். வராட்டியும் பரவாயில்லை."

'வராட்டியும் பரவாயில்லை.' றஞ்சிதத்துக்குக் காது சூடாகிவிட்டது. மில்ரனை இளக்காரமாகப் பேச உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் உரிமை உண்டு. தமையன் எடுத்துக்கொண்டதையே அவள் மன்னிக்கவில்லை, இப்போது கொழும்புப் பெட்டை ஒன்றும் பங்குக்கு வந்துவிட்டது. "அனுப்பிவிடுங்கோ" என்று மட்டும் சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

மில்ரன் வந்து சேர்ந்த மறுநாளே அம்புறோஸ் ஆள் அனுப்பினான். இடம் இன்னும் இருக்கிறதாம், எப்போது வேண்டுமானாலும் வரலாமாம். மில்ரன் முற்றத்தில் முருங்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, அதில் ஏறி இருந்தான். றஞ்சிதத்தின் சோற்றுப் பானை மூடியை விமானத்துச் சுக்கானாக இடக்கையில் பிடித்துக்கொண்டு, காலுக்குக் கீழே இரண்டு பலகைத் துண்டை வைத்துக்கொண்டு, நாள் முழுக்க மூடியை அங்காலும் இங்காலும் திருப்பினான். உதடு எதையோ முணுமுணுத்தது. ரோட்டில் நின்ற கழுதைகள்கூட வேலிக்குக் கிட்ட வந்து பார்த்தன. மனோன்மணி ரீச்சர் பார்க்காமலா இருப்பாள்.

மூன்றாம் நாள் சோறு பொங்கி வழிந்தது. மூட மூடி இல்லை. றஞ்சிதம் அகப்பைக்காம்போடு வெளியே வந்தாள். கூப்பிட்டாள், அவனுக்குக் கேட்கவில்லை. வந்த ஆத்திரத்தில் கதிரைக்காலில் ஓங்கி ஓர் உதை விட்டாள். கதிரை இடப்பக்கம் சாய்ந்தது. மில்ரனின் கை மூடியை வெடுக்கென்று இடப்பக்கமே திருப்பியது.

றஞ்சிதம் நின்றாள். மறுபக்கம் போய் அங்கிருந்து ஒன்று உதைத்தாள். கதிரை வலப்பக்கம் சாய, கையும் வலப்பக்கம் போனது.

அவளும் ஒரு சம்மாட்டியின் மகள்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது தகப்பனின் வள்ளத்தில் கரையோரமாகப் போய் இயந்திரம் பிடித்திருக்கிறாள். பின்னால் இருந்து பிடியை இடப்பக்கம் தள்ளினால் வள்ளம் வலப்பக்கம் திரும்பும். முதல் நாள் எல்லாருக்கும் பக்கம் மாறிப் பிழைக்கும், பிறகு ஒருநாளும் பிழைக்காது. முப்பது வருசம் அப்படித் தள்ளிய கைக்கு யோசனை தேவையில்லை. அலை அடித்து வள்ளம் இடப்பக்கம் போனால், கை தானாகவே இடப்பக்கம் தள்ளி அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். விமானத்தில் எல்லாம் நேர்மாறு. திருப்புகிற பக்கம்தான் அது திரும்பும்.

அகப்பையைக் கீழே போட்டுவிட்டு, நிலத்தில் குந்தியிருந்து றஞ்சிதம் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"நீங்கள் அங்க பறக்கேல்லை. ஆகாயத்தில வள்ளம் ஓட்டியிருக்கிறீங்கள்."

"எனக்குத் தெரியும்" என்றான் மில்ரன் ரோசத்தோடு. "வலத்துக்கு எண்டால் வலத்துக்குத்தான். அதை எழுதிப் பாஸ் பண்ணினனான்."

"தலைக்குத் தெரியும். கைக்கு ஆர் சொன்னது?"

அவன் மூடியைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பிறகு கதிரையில் நிமிர்ந்து இருந்து மூடியைத் திரும்பப் பிடித்தான்.

அன்றிலிருந்து உதை தொடங்கியது. வேலைக்கு நடுவில், சொல்லாமல் கொள்ளாமல், பின்னால் வந்து கதிரையை உதைப்பாள். தேங்காய் திருவிவிட்டுப் போகிற போக்கில் ஓர் உதை, உடுப்புக் காயப்போட்டுவிட்டு வருகிற வழியில் ஓர் உதை. கை பிழைத்தால், "சம்மாட்டி, வலை போட்டாச்சோ?" என்பாள். இன்னொருமுறை பிழைத்தால், "கரை அந்தப் பக்கம் ஐயா, நீங்கள் இராமேஸ்வரத்துக்குப் போறீங்கள்" என்பாள். அவனுக்கு எது உறைக்கும் என்று அவளுக்குத் தெரியாததா. இருபது வருசமாகச் சேர்த்து வைத்திருந்த அவ்வளவு இளக்காரத்தையும் அந்தக் கதிரையில் கொட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான்.

"அம்மா, அப்பாவைக் கொல்லப் போறீங்கள்" என்றாள் டினோஜா.

"விழுந்தால் இஞ்ச மண்ணில விழட்டும்."

அந்த மனிதன் விமானி ஆவான் என்று அவள் நம்பியதால் செய்த வேலை இல்லை அது. வராட்டியும் பரவாயில்லை என்று சொன்னவளுக்கு முன்னால் அவன் ஒருமுறை ஒழுங்காக இறங்கிக் காட்டவேண்டும், அதற்குப் பிறகு என்னவும் ஆகட்டும். அவ்வளவுதான் அவளுடைய எண்ணம். கதிரையின் ஒரு கால் வெடித்து, அதற்குக் கம்பி சுற்றினார்கள். மாதக் கடைசியில் ஒருநாள் அவன் மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு அதில் நித்திரை தூங்கிக்கொண்டு இருந்தபோது உதைத்தாள். கதிரை இடப்பக்கம் சாய்ந்தது. கண் திறக்கமுதலே கை வலப்பக்கம் போனது. றஞ்சிதம் உள்ளே போய், அவனுடைய உடுப்புப் பையை எடுத்து இறுக்கிக் கட்டிவைத்தாள்.

கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது.

"நல்ல பக்கக்காத்து. தனிய இறக்கினனான், றஞ்சிதம். மிஸ் கீழ நிண்டு கை தட்டினவ."

"பிளேனுக்கு ஒண்டும் இல்லையே?"

"ஒண்டுமில்லை."

"அப்ப சரி" என்றாள். பிறகு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருசம் அனுமதிப்பத்திரம் கிடைத்தது. ஆனால் அது சும்மா பறப்பதற்கான பத்திரம். கூலிக்குப் பறக்கவேண்டுமென்றால் இன்னும் எவ்வளவோ மணித்தியாலம் பறந்து, இன்னும் சோதனைகள் எழுதவேண்டும். வள்ளம் விற்ற காசு அதோடு முடிந்திருந்தது. றிஸ்மினா ஒரு வழி சொன்னாளாம். பள்ளியிலேயே நின்று விமானங்களைக் கழுவித் துடைத்து, எண்ணெய் விட்டு, தள்ளி எடுத்துக் கொடுத்தால், அதற்குப் பதிலாகப் பறக்கிற நேரம் தருவார்கள். மில்ரன் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இஞ்ச இல்லாத கழுவலோ?" என்றாள் றஞ்சிதம். "வந்து வள்ளத்தைக் கழுவுங்கோ. பத்திரம் கிடைச்சிட்டுது. ஊருக்குக் காட்ட அது காணும்."

அவள் கணக்கு அப்படித்தான் இருந்தது. தோற்று வந்தவனை ஊர் சிரிக்கும். பத்திரத்தோடு வந்தவனை எப்படிச் சிரிப்பது. டினோஜாவைக் கம்பஸ் படிப்புக்கு அனுப்பவேண்டும், வீட்டில் ஒருவர் உழைக்கவேண்டும், கடல் தொழிலுக்கு நல்ல சோளகக் காற்றும் தொடங்கிவிட்டது. பத்திரத்தின் பிரதியைச் சட்டம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். பிறகு ஒருநாளும் போகமாட்டேன் என்று இருந்த தமையன் வீட்டுப் படியில் தானே ஏறி, மில்ரனுக்கு அந்த இடத்தைக் கேட்டாள். அம்புறோஸ் உடனே சம்மதித்தான். சந்தோசம் முகத்தில் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை.

முதல் நாள் மில்ரன் கடலில் ஒழுங்காகத்தான் போனான். நேராக ஓடுகிற வள்ளத்தில் என்ன பிழைக்கும். திரும்பி வருகையில் கரையில் வழக்கமான கூட்டம். மீன் வாங்க வந்த பெண்கள், பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளோடு வியாபாரிகள், நடுவில் கையைக் கட்டிக்கொண்டு அம்புறோஸ். "பைலட் வாறார், வழி விடுங்கோ" என்று அவன் சத்தமாகச் சொன்னது ஓரமாக நின்ற றஞ்சிதத்துக்கும் கேட்டது. நிறுத்தியிருந்த வள்ளங்களுக்கு இடையால் நுழையும்போது பின்னாலிருந்து ஓர் அலை தள்ளியது. வள்ளம் இடப்பக்கம் போனது. மில்ரனின் கை வலப்பக்கம் போனது. வள்ளம் இன்னும் இடப்பக்கம் போய், அம்புறோசின் இன்னொரு வள்ளத்தின் வயிற்றில் மோதி நின்றது.

கரை முழுக்கச் சிரித்தது. றஞ்சிதம் மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் கை போன வேகத்தை அவள் பார்த்திருந்தாள்.

அடுத்த நாள் வேறொருவனின் வலைக்கு மேலால் ஏற்றினான். இயந்திரம் வலையைச் சுற்றிக்கொண்டது. அதற்கடுத்த நாள் அம்புறோஸ் அவனைக் கடலுக்கு அனுப்பவில்லை, தானே நேராக வீட்டுக்கு வந்தான். விறாந்தையில் நல்ல கதிரையாகப் பார்த்து இருந்து, தேத்தண்ணியை ஆற ஆறக் குடித்தான். மில்ரன் வாசற்படியில் இருந்தான்.

"முப்பது வருசம் கடலில நிண்டவன்" என்றான் அம்புறோஸ், மில்ரன் அங்கே இல்லாததுபோல. "இண்டைக்கு நேற்றுப் பிறந்தவன் மாதிரி ஓட்டுறான். பறக்கிறதுக்கும் ஆள் இல்லை, கடலுக்கும் ஆள் இல்லை. சரி, என்ர தங்கச்சி எண்டதால சொல்லுறன். கரையில பொம்பிளையளோட நிண்டு மீன் பிரிக்கட்டும். பங்கு இல்லை, நாள்கூலி."

றஞ்சிதம் மில்ரனைப் பார்த்தாள். "ஏன் இப்பிடி?" என்று கேட்டாள்.

அவன் இடக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டு இருந்தான். "கை போகுதில்லை, றஞ்சிதம்" என்றான். "யோசிச்சால் சரியாப் போகுது. யோசிக்க நேரம் இல்லாட்டி, நீ பழக்கினபடிதான் போகுது."

குறை சொல்கிற குரலில் அவன் அதைச் சொல்லவில்லை.

அம்புறோஸ் அதைப் பிடித்துக்கொண்டான். "ஓம், கேள்விப்பட்டனான். கதிரையில இருத்தி உதைச்சியாமே. ஊரெல்லாம் கதை. அப்ப என்ன, திருப்பி உதை. ஒரு மாசம் மாறி உதைச்சால் பழையபடி வரும். வந்தால் இயந்திரப் பிடியைத் திரும்பக் குடுக்கிறன்." தன் பகிடியைத் தானே இரசித்து வயிறு குலுங்கச் சிரித்தான்.

அவன் பகிடியாகச் சொன்னாலும் அது உண்மைதான் என்று றஞ்சிதத்துக்குத் தெரிந்தது. முடியும். மூடி இருக்கிறது, கதிரை இருக்கிறது, அவளுடைய காலும் வாயும் இருக்கின்றன. ஒரு மாதம் உதைத்தால் அந்தக் கை மறுபடியும் வள்ளத்துக்குச் சரியாகிவிடும். அதற்குப் பிறகு மில்ரன் சாகும்வரை அம்புறோசின் வள்ளத்தில் இயந்திரம் பிடிப்பான், அவள் அண்ணியின் மீன் பையை வாங்குவாள், சுவரில் பத்திரம் தொங்கும்.

அவள் தன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்து முடித்த வேலைகள் மிகக் குறைவு. அந்தக் கை அதில் ஒன்று. அதைத் தானே கெடுப்பதை நினைக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"ஏலாது அண்ணை" என்றாள்.

"என்ன ஏலாது?"

"அந்தக் கையில நான் இனித் தொடமாட்டன். நீங்கள் கூலிக்கு வேற ஆளைப் பாருங்கோ." தேத்தண்ணிக் கோப்பையை அவன் கையிலிருந்து வாங்கினாள், இன்னும் பாதி இருந்தது. "இவர் கொழும்புக்குப் போறார்."

"எதுக்கு?"

"பிளேன் கழுவ."

அம்புறோஸ் வாயைத் திறந்தபடி இருந்தான். இந்தச் செய்தியை வைத்துக்கொண்டு கரையில் எத்தனை நாள் சிரிக்கலாம் என்று அவன் மனதுக்குள் ஓடுவது முகத்திலேயே தெரிந்தது. சிரிக்கட்டும். இந்தமுறை அவனுக்கு முதல் சிரிக்கவேண்டும் என்று றஞ்சிதத்துக்குத் தோன்றவில்லை. "கொழும்புக்குப் போய்க் கழுவுறதோ, நாற்பத்தைஞ்சு வயசில" என்று சொல்லிக்கொண்டே அவன் எழுந்து போனான்.

மில்ரன் படியிலேயே இருந்தான். "அப்ப நீ நம்புறியே?" என்று கேட்டான்.

"என்னத்தை?"

"நான் ஓட்டுவன் எண்டு."

"இல்லை" என்றாள் றஞ்சிதம். "ஆனா உங்களுக்கு வேற ஒரு வேலையும் செய்ய ஏலாதபடி நான் பண்ணிப்போட்டன். எழும்புங்கோ."